பின்னால் வருபவரை மறவாத தலைமை
(கல்வி உதவிநிதி வழங்கும் விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவனுக்கு அது போதாதுதான். ஆயினும் மணி அடிக்குமுன் முடித்துவிடுகிறேன்.

இன்று உதவிநிதி பெறுவோருள் ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவருடைய சம்மதம் பெற்றுவிட்டேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இவ்வாண்டு நேர்முகத் தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். அந்த மாணவியின் விண்ணப்பத்தைப் பார்த்ததும், "இதைத் தள்ளி வைக்கலாமே" என்று சொன்னவன் நான்தான். மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. ஆனால், விடுமுறை நாள்களில் கல்லூரி மலையேறும் கழகத்தின் குழுத்தலைவராக இருப்பதாக எழுதியிருந்தார். தகப்பனார் லாரி ஓட்டுநர். படிக்க வேண்டிய பிள்ளைக்குக் காட்டில் என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. அதையே அவரிடம் நேரில் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ஜொகூரில் உள்ள குனோங் லேடாங் மலைக்குப் பன்னிரண்டு பேரை அழைத்துச் சென்ற கதையைச் சொன்னார். 1,276 மீட்டர் உயரமுள்ள மலை அது. உச்சியை நெருங்கும்போது கயிற்றைப் பிடித்தும் ஏணியில் ஏறியும்தான் செல்ல வேண்டும். விடியற்காலையில் புறப்பட்டார்கள். எந்த மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பதையும் அடிவாரத்திலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

பாதி வழியில் ஒரு தோழிக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. மழை மேகமும் திரண்டது. குறித்த நேரமும் நெருங்கியது. உடன் வந்த மலை வழிகாட்டி ஒருவரே. ஆகவே குழுவை இரண்டாகப் பிரிக்க வழியில்லை. உச்சி கண்ணுக்குத் தெரிகிறது, நண்பர்கள் "இன்னும் கொஞ்சம்தானே" என்கிறார்கள். இந்தப் பெண் திரும்பலாம் என்று முடிவெடுத்தார். சிலர் இறங்கும் வழியெல்லாம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"அப்படியானால் என்னம்மா சாதித்தீர்கள்?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டு பேர் ஏறினோம் சார், பன்னிரண்டு பேரும் இறங்கினோம்" என்றார்.

அதோடு நிறுத்தவில்லை. "ஆனால் நான் ஒரு தவறு செய்தேன் சார். மெதுவாக நடப்பவரைக் கடைசியில் விட்டுவிட்டேன். அவர் எங்களைப் பிடிக்க ஓடி ஓடித்தான் காலை மடக்கிக்கொண்டார். அவரை முன்னால் விட்டு, அவருடைய நடைக்கு நாங்கள் நடந்திருக்க வேண்டும். அடுத்த முறை அப்படித்தான் செய்வேன். முதலுதவியும் முறையாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்றார்.

அறையில் இருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்காமலே தன் தவறைச் சொல்லி, அதற்கான திருத்தத்தையும் சொன்ன விண்ணப்பதாரரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அன்பர்களே, திறந்த வெளியில் தலைமைப் பண்பைக் கற்பிப்பது புதுமை அன்று. 1941ஆம் ஆண்டு, போர்க்காலத்தில், கர்ட் ஹான் என்ற கல்வியாளரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் நிறுவனத்தாரும் வேல்ஸ் நாட்டின் அபர்டோவி கடற்கரையில் 'அவுட்வர்ட் பவுண்ட்' பள்ளியைத் தொடங்கினார்கள். கப்பல் மூழ்கும்போது, உடல் வலிமை மிக்க இளம் மாலுமிகள் உயிர்காப்புப் படகில் மனம் தளர்ந்து மாள, அனுபவம் மிக்க மூத்தவர்கள் பிழைக்கிறார்களே என்பது ஹோல்ட்டின் கவலை. அவருடைய நிறுவனத்துக் கப்பல்கள் நம் பினாங்குத் துறைமுகத்திற்கும் வந்துபோனவைதாம். அதே பெயரிலான பள்ளி 1950களில் பேராக்கின் லூமுட்டிலும், 1967இல் சிங்கப்பூரின் புலாவ் ஊபினிலும் தோன்றியது.

இது நமக்கும் அந்நியமான பாடமன்று. தைப்பூசத்தில் காவடி எடுப்பவருடன் நடந்தவர்களுக்குத் தெரியும். வழிவிலக்கிச் செல்பவர் தம் விருப்பத்துக்கு விரைவதில்லை. சுமப்பவர் நின்றால் நிற்கிறார், நடந்தால் நடக்கிறார். பத்துமலையின் 272 படிகளிலும் அப்படித்தான்.

இப்போது என் குறையைச் சொல்ல வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாக ஆலயச் செயலாளராக இருக்கிறேன். சென்ற நவராத்திரியின்போது பதினொரு நாள் மருத்துவமனையில் படுத்துவிட்டேன். அன்னதானத்திற்கு எந்த நாளைக்கு எவ்வளவு அரிசி, யாரிடம் சொல்ல வேண்டும், எல்லாம் என் தலைக்குள் இருந்தன. பண்டசாலைச் சாவி என் வீட்டு அலமாரியில் இருந்தது. ஆறாம் நாள் அரிசி போதாமல், பந்தியில் அமர்ந்த பக்தர்கள் வெறும் இலையை விட்டு எழுந்து போனார்கள். கொடுத்தவர்கள் நீங்கள் குறைவில்லாமல் கொடுத்திருந்தீர்கள். குறை என்னுடையது. பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவரைக்கூட நான் தயார் செய்யவில்லை. இளைஞர்கள் வந்தால் செருப்பு அடுக்கச் சொன்னேன், நாற்காலி தூக்கச் சொன்னேன். ஒரு முடிவையும் எடுக்க விட்டதில்லை. பிறகு, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை" என்று குறைபட்டுக்கொண்டேன்.

ஆகவே நிர்வாகக் குழு ஒரு முடிவு செய்துள்ளது. இவ்வாண்டு நவராத்திரி ஆறாம் நாள் அன்னதானம் முழுவதும் இளைஞர் பொறுப்பு. அரிசிக் கணக்கு முதல் இலை எடுப்பது வரை அவர்கள் முடிவே முடிவு. தலைமை ஏற்பவர் இந்த மாணவி. சாவியை நேற்றே கொடுத்துவிட்டேன்.

வாங்கும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "குறை வந்தால் நடுவில் பறித்துக்கொள்ளாதீர்கள் சார். முடிந்தபிறகு உட்கார்ந்து சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன்."

அன்றைக்குச் சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினால், நன்கொடையாளப் பெருமக்களே, அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தரும் வெள்ளி அரிசியாகிறது, கல்விக் கட்டணமாகிறது. பொறுமையும் சேர்த்துத் தந்தால் நாளை இந்த ஆலயத்தை நடத்தும் ஆள்களும் கிடைப்பார்கள்.

மாணவச் செல்வங்களே, முன்னால் நடக்கும் வாய்ப்பு வரும்போது ஒருமுறை திரும்பிப் பாருங்கள். கடைசியில் வருபவரும் வந்து சேர்ந்தாரா என்று எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் நீங்கள் தலைவர்தான், உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும்.

எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் உங்கள் அனைவருக்கும் கிட்டுவதாக.