பழைய பெட்டிக்குப் புதிய கார்டு: புத்திசாலித்தனமே!

பழைய கேமிங் கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போடுவது புத்திசாலித்தனமா, வீண்செலவா என்பது இன்றைய பட்டிமன்றத் தலைப்பு. ‘பழைய பெட்டியில் பணத்தைக் கொட்டாதீர்கள், மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்’ என்று எதிரணியில் முழங்கினார்கள், கைத்தட்டலும் வாங்கினார்கள். அந்த முழக்கத்துக்கு அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. கார்டுக்குக் கொடுக்கிற பணம் அந்தப் பெட்டியோடு சேர்ந்து மண்ணாகப் போய்விடும் என்ற அனுமானம். அதைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன். கேமிங் கணினிக்குள் இருக்கிற பாகங்களிலேயே பெரும்பாலும் விலை கூடியது கிராபிக்ஸ் கார்டு. அதையே நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி, நாளைக்கு வாங்கப் போகிற கணினிக்கு அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். ஆகவே இன்றைக்குக் கார்டு வாங்குகிறவர் அடுத்த கணினிக்கு முதல் தவணை கட்டுகிறார் என்பது என் கட்சி.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் முடிவு வராது. ஒரு கணினியை எடுத்து இந்த மேசைமேல் வைப்போம். 2018 வாக்கில் அசெம்பிள் செய்தது. இன்டெல் கோர் ஐ5-8400, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. இந்த 1060 வெளிவந்தது 2016 ஜூலையில். ஸ்டீம் தளத்தின் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கார்டு, அவ்வளவு வீடுகளில் இருந்தது. இந்தக் கணினிக்கு என்ன நோய்? பிரவுசர் திறக்கிறது, படம் ஓடுகிறது, எக்செல் ஓடுகிறது. புதிய ஆட்டத்தைப் போட்டால் மட்டும் திக்குகிறது. ஒரே ஓர் உறுப்புக்கு வந்த நோய்க்கு உடம்பையே மாற்றச் சொல்கிறார்கள் எதிரணியினர்.

கார்டு ஏன் கைவிட்டுப் போகாது என்பதற்கு முதல் சாட்சி அது உட்காருகிற ஸ்லாட். 2004-ல் ஏஜிபி என்ற பழைய ஸ்லாட்டுக்குப் பதிலாக பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தலைமுறைக்குத் தலைமுறை வேகம் இரட்டிப்பாகிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்லாட்டின் வடிவம் மாறவில்லை. நான்காம் தலைமுறைக் கார்டு மூன்றாம் தலைமுறை மதர்போர்டில் உட்காரும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு வேலை செய்யும். பிராசஸர் சாக்கெட்டின் கதையைப் பாருங்கள். இன்டெல்லில் மட்டும் 2011-ல் 1155, 2013-ல் 1150, 2015-ல் 1151, 2020-ல் 1200, 2021-ல் 1700, 2024-ல் 1851. இதில் உச்சகட்ட வேடிக்கை, நம் மேசைமேல் இருக்கிற எட்டாம் தலைமுறை பிராசஸர்தான். முந்தைய தலைமுறைக்கும் இதற்கும் அதே 1151 பின்கள். ஆனால் பழைய போர்டில் போட்டால் வேலை செய்யாது, புது போர்டு வாங்கு என்றார்கள். ரேமும் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று மாறிவிட்டது; ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. இத்தனை மாற்றத்திலும் இடம் மாறாமல் நின்றது கார்டின் ஸ்லாட்தான்.

வேகம் குறைகிறதே, அது நஷ்டமில்லையா என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை எடுத்துக்கொள்வோம்; 2023 ஜூனில் 299 டாலருக்கு வந்தது. ஸ்லாட்டில் பதினாறு தடங்கள் இருந்தாலும் அது எட்டு தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பழைய போர்டில் அந்த எட்டும் பாதி வேகத்தில்தான் ஓடும். வினாடிக்கு ஏறத்தாழ 8 ஜிபி. கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் ஆட்டத்துக்கு வேண்டியதெல்லாம் கார்டின் சொந்த 8 ஜிபி நினைவகத்துக்குள் அடங்கிவிட்டால் அந்தத் தடத்தில் போக்குவரத்தே குறைவு. இழப்பு பெரும்பாலும் சில விழுக்காட்டோடு நின்றுவிடும். நினைவகம் நிரம்பி வழிந்தால்தான் திண்டாட்டம். அதற்கு டெக்ஸ்சர் அமைப்பை ஒரு படி இறக்கலாம். இல்லை, பதினாறு தடமும் 12 ஜிபி நினைவகமும் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 போடலாம். நான்கே தடம், 4 ஜிபி நினைவகம் என்று 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி கார்டைப் பழைய போர்டில் போடுகிறவரை எதிரணி திட்டினால், நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன்.

இனி அவர்களுடைய பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். ‘பாட்டில்நெக்’. பிராசஸர் பழையதாக இருந்தால் கார்டு எவ்வளவு புதிதாக இருந்தும் பயனில்லை என்கிறார்கள். இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் விவாதமே முடிந்துபோன மாதிரி ஒரு பார்வை வேறு. ஒரு தோசைக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசையில் கேட்டுச் சீட்டு எழுதி உள்ளே அனுப்புகிறவர் பிராசஸர். கல்லுக்கு முன்னால் நிற்கிற மாஸ்டர் கிராபிக்ஸ் கார்டு. சீட்டு மெதுவாக வந்தால் கல் சும்மா காயும். மாஸ்டர் மெதுவானால் சீட்டு குவியும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதா தோசைக்கும் நெய் ரோஸ்ட்டுக்கும் சீட்டு எழுத ஆகிற நேரம் ஒன்றுதான். கல்லில் ஆகிற நேரம்தான் வேறு. ஆட்டத்தில் ரெசல்யூஷனைக் கூட்டினாலும் டெக்ஸ்சர், நிழல் தரத்தைக் கூட்டினாலும் சுமை பெரும்பாலும் கார்டின் தலையில்தான் ஏறும். அதனால் ‘இந்தக் கார்டுக்கு இந்த பிராசஸர் பாட்டில்நெக்’ என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுத முடியாது. எந்த ஆட்டம், எந்தத் திரை, எந்தத் தரம் என்று கேட்டுத்தான் சொல்ல முடியும்.

கேட்பது என்ன, அளந்தே பார்க்கலாம், காசு செலவில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டு, வி-சிங்க்கை அணைத்துவிட்டு, ஆட்டம் ஓடும்போது திரையின் மூலையில் கார்டின் பயன்பாட்டு விழுக்காட்டைப் பாருங்கள். (வி-சிங்க் ஓடிக்கொண்டிருந்தால் 60 பிரேமில் கட்டிப்போட்டு, பிராசஸர், கார்டு இரண்டுமே ஓய்வெடுப்பது மாதிரி பொய்க்கணக்கு காட்டும்.) எண் 97, 98, 99 என்று நின்றால் மாஸ்டர் மூச்சுத் திணறுகிறார்; கார்டை மாற்றினால் பலன் கண்ணுக்குத் தெரியும். 60-லேயே நின்று பிரேமும் ஏறாவிட்டால் குறை பிராசஸர் பக்கம். சந்தேகம் தீராவிட்டால் 1080பி-யை 720பி ஆக இறக்கிப் பாருங்கள். பிரேம் துள்ளி ஏறினால் கார்டுதான் தடை. அசையாவிட்டால் கார்டு தடையில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் போன்ற ஆட்டங்களைத் தரம் குறைத்து, 200 பிரேம் வேண்டும் என்று ஆடுகிறவருக்கு பிராசஸர்தான் முதல் தேவை. அவர்களை எதிரணிக்கே விட்டுத்தருகிறேன். ஆனால் நம் மேசைமேல் உள்ள கணினி வழக்கமான 60 ஹெர்ட்ஸ் மானிட்டரோடு இணைந்தது. வினாடிக்கு 60 சீட்டு எழுதிக்கொடுத்தால் போதும். ஆறு கோர் உள்ள ஐ5-8400 பெரும்பாலான ஆட்டங்களில் அதைச் செய்துவிடும். 1060-ன் வேகத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓடுகிற ஆர்டிஎக்ஸ் 3060 அங்கே வீணாகாது.

என் பேச்சை நம்ப வேண்டாம், ஆட்டம் செய்கிறவர்களே எழுதித் தந்த பட்டியலைப் பாருங்கள். 2023 அக்டோபரில் வந்த ஆலன் வேக் 2 ஆட்டத்துக்குக் குறைந்தபட்சத் தேவை என்ன? பிராசஸர் கோர் ஐ5-7600கே போதும் என்கிறார்கள். அது 2017 ஜனவரியில் வந்த நாலே கோர் சரக்கு. கார்டில் மட்டும் ஆர்டிஎக்ஸ் 2060 அல்லது ஆர்எக்ஸ் 6600 கேட்கிறார்கள். காரணம், மெஷ் ஷேடர் என்ற வசதி 1060 காலத்துக் கார்டுகளின் சிப்பிலேயே கிடையாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டம் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அது பிராசஸரிலும் கூடுதலாகக் கேட்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் பழைய கார்டு மெதுவாக ஓடுகிறது என்பது ஒரு நிலை, ஓடவே ஓடாது என்பது வேறு நிலை. அந்த இரண்டாம் நிலைக்கு முதலில் வந்து சேர்வது கார்டுதான். போதாக்குறைக்கு 1060 தலைமுறைக்குப் புதிய ஆட்டங்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. இனி பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான்.

‘மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் தாங்காது, வெடிக்கும்’ என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். பழைய 1060 இழுக்கிற மின்சாரம் 120 வாட்ஸ். அதைவிடப் பலமடங்கு புதுமைகள் கொண்ட 4060 இழுப்பது 115 வாட்ஸ். ஐந்து வாட்ஸ் குறைவு! கவனிக்க வேண்டியது வயரைத்தான். 1060-க்கு வருவது பெரும்பாலும் 6 பின் வயர். அதன் வரம்பு 75 வாட்ஸ். புதிய கார்டு கேட்பது 8 பின்; அதன் வரம்பு 150. கேபினட்டோடு இலவசமாக வந்து, ‘500 வாட்ஸ்’ என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருக்கிற எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் இல்லையென்றால் கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள். தயாரிப்பாளர் சொல்கிற அளவில், 4060-க்கு 550 வாட்ஸ், நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்குங்கள். அந்தச் செலவையும் என் கணக்கிலேயே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதுவும் அடுத்த கணினிக்குக் கூடவே வரும்.

பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்ற வாதத்தில் எதிரணிக்குப் பாதி நியாயம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கிறது. நம் ஐ5-8400 அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. பயாஸுக்குள் போய் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்கிவிட்டால் பெரும்பாலும் போதும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற நாலு கோர் கணினிகளுக்கு விலையுயர்ந்த கார்டு வாங்கச் சொல்ல மாட்டேன். அங்கே கூடுதல் மின்வயரே கேட்காத 70 வாட்ஸ், 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போல ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏஎம்டி ஏஎம்4 போர்டு வைத்திருப்பவருக்கு யோகம்தான்: 2017-ல் வாங்கிய போர்டுகள் பலவற்றில் பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022-ல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை ஏறலாம். முதலில் கார்டு, பிறகு பிராசஸர் என்று படிப்படியாகப் போகிற வழி அது.

‘மொத்தமாகப் புதிது’ என்ற அறிவுரையின் விலையையும் பார்த்துவிடுவோம். இன்றைய ஏஎம்5, 1851 சாக்கெட்டுகள் இரண்டும் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். கையில் இருக்கிற 16 ஜிபி டிடிஆர்4 அங்கே காதறுந்த ஊசி. ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்களை வாரி எடுத்துக்கொண்டதால் 2025 பிற்பகுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. நுகர்வோருக்கு ரேம் விற்ற குரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. கார்டிலும் நினைவகம் இருக்கிறது, அதன் விலையும் ஏறுமே என்பீர்கள். ஏறும்தான். மொத்தமாக வாங்குகிறவரோ ரேம், கார்டு இரண்டின் ஏற்றத்தையும் ஒரே நாளில் சுமக்க வேண்டும். 2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவைக் கொட்டியது, அதில் முறையாகச் சேகரித்தது கால் பங்குக்கும் குறைவு என்ற கணக்கும் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கும் எண்ணம் இல்லை. பணக்கணக்கிலேயே என் கட்சி ஜெயிக்கிறது.

மணி அடிக்கிறது, முடித்துவிடுகிறேன். நடுவர் அவர்களே, வி-சிங்க் அணைத்த நிலையில் 99 காட்டுகிற ஒவ்வொரு கார்டும் எனக்கு விழுகிற ஓட்டு. 60 காட்டுகிறவை எதிரணிக்கு. அந்த எண்ணை வைத்தே தீர்ப்பு எழுதுங்கள். அவையில் இருப்பவர்களும் கார்டு வாங்க ரிச்சி தெருவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் இன்றிரவு உங்கள் திரையின் மூலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.