எது தண்ணீர்க் கணக்கில் சேரும்?

(பத்து காஜா வட்டாரக் கூட்டத்தில் பேசியது)



விடியுமுன் ஒரு கோப்பை வரக்காப்பி. பிறகு மரம் வெட்டு, பால் எடுப்பு. வேர்வையாய்ச் செலவானதற்கு நாம் எழுதும் வரவு என்ன?

காப்பியும் தேத்தண்ணியும் கணக்கில் சேரா என்பார் உண்டு. அது சரியன்று. 2014-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தார், காப்பிப் பழக்கமுள்ள 50 ஆண்களுக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு கோப்பை காப்பி கொடுத்தார்கள். வேறு மூன்று நாள் அதே அளவு தண்ணீர் கொடுத்தார்கள். உடம்பின் நீரளவில் வித்தியாசமில்லை. ஆகவே காப்பி, தேநீர், மோர், கஞ்சித் தண்ணீர், இளநீர் எல்லாம் வரவே. சீனியை மட்டும் குறையுங்கள்.

கள்ளையும் சம்சுவையும் வரவில் எழுதாதீர்கள். மது, உள்ளிருக்கும் நீரையும் சிறுநீராக வெளியே தள்ளும்.

என்றாலும் முதல் வரவு வெறும் தண்ணீரே. நாளுக்கு 6 முதல் 8 குவளை என்கிறது மலேசியச் சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டி. வெயிலில் உழைப்பவருக்கு அதற்கு மேலும் வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளானால் கணக்கில் துண்டு விழுந்ததென்று அறியுங்கள். ஆபீஸ் கிராணிமாருக்கும் இதே கணக்குத்தான்.

நிரை முடியட்டுமென்று தாகத்தை அடக்காதீர்கள். போத்தலில் கொதித்தாறிய நீர் கொண்டுபோவோம். வேலைக்காட்டில் நல்ல தண்ணீர் வைக்க நிர்வாகத்தை ஒன்றுபட்டுக் கேட்போம். அதைக் கேட்க நமக்கு உரிமையுண்டு!