இஸ்தோப்புக் கற்றாழை



போன மழைக்கு எங்க வீட்டுக் கற்றாழையும் அழுகித்தான் போச்சு. அது வறண்ட நாட்டுச் செடி. மடலிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். லிந்துலை மழையில் வேரடியில் ஈரம் நின்றால் தாங்காது. அடிமடல் பழுத்துக் கொழகொழத்தால் உடனே பிடுங்கி, அழுகலை வெட்டி, நிழலில் ஐந்து நாள் காயவிடுங்க. பிறகு ஓட்டை போட்ட டின்னில் பாதிக்குப் பாதி மணல் கலந்து நட்டு, இஸ்தோப்புக்குள் வையுங்க.

இன்னொன்று. ஒடித்தால் வெள்ளைப் பால் வடிகிறதா? அது கற்றாழை இல்லை, கள்ளி. அந்தப் பால் பிள்ளைகளின் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தாய்ப்பால், எண்ணெய் ஒன்றும் ஊற்றாதீங்க. சுத்தமான தண்ணீரால் கால்மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. ஒடிந்த கொப்பையும் பையில் போட்டுக் கொண்டு போங்க, டொக்டர் பார்க்கட்டும்.