எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வோம்?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் கமிட்டித் தலைவிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், நிறுவை, அரைப்பேர் பற்றியெல்லாம் எனக்குப் பின்னால் பேச இருக்கிறார்கள். நான் பேசப்போவது வேறு விஷயம். ஆனால் அதுவும் சங்கத்து விஷயம்தான்.

நம்முடைய பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்கும் கார்மென்ட்ஸ் வேலைக்கும் போகிறார்கள். "எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் "கண்டி" என்று சொல்லிவிடுகிறார்கள். தோட்டத்தின் பெயர் வாயில் வருவதில்லை. பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தால் சில அம்மாமார் வருவதில்லை. காரணம் கேட்டால், "கையெல்லாம் கறையா இருக்கு சேர், நாலு பேர் முன்னால எப்படி வர்றது?" என்கிறார்கள்.

இவர்களை நான் குறை சொல்லவில்லை. இந்த வெட்கம் நம்மோடு பிறந்தது அல்ல, நம்மேல் ஏற்றி வைக்கப்பட்டது. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடமே வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே லயத்தில் வளர்ந்த அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு 'அழுகைக் கோச்சி' என்று பெயர் வந்தது அதனால்தான். எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. இத்தனை காலம் "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், சொந்த ஊர்ப் பெயரைச் சொல்ல நாக்கு கூசத்தானே செய்யும்?

ஆனால் இதே நாட்டில், கோப்பித் தோட்டத்துக்கு நம் ஆட்கள் 1823இல் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள். "நாங்கள் மலையகத் தமிழர்" என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொண்டு நடந்தார்கள். தன்னை ஏற்றுக்கொள்வது என்று நான் சொல்வது இதைத்தான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொள்வது வேறு, பொறுத்துக்கொள்வது வேறு. "நான் கொழுந்து பறிக்கிறவள், இது உழைத்த கை" என்று ஏற்றுக்கொள்ளுங்கள். ஒழுகுகிற கூரையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். நிறுவையில் வெட்டுகிற கிலோவை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சொல்லப்போனால், தன்னை மதிக்கிற ஆளுக்குத்தான் அநியாயத்தைப் பார்த்துக் கோபம் வரும். தன்னைத் தாழ்வாக நினைக்கிறவர், "நமக்கு இது போதும்" என்று இருந்துவிடுவார்.

தன்னை மறைக்கிறவரால் அடுத்தவருக்கும் துணையாக நிற்க முடியாது. வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ பாருங்கள். படங்குச் சாக்கு வாசனையோடு ஒரு பாட்டி சிங்களப் படிவத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறார். தான் தோட்டம் என்று தெரியக்கூடாது என நினைக்கிற நம் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வெட்கம் விட்ட பிள்ளை எழுந்து போய், "தாங்க பாட்டி, நான் நிரப்பித் தாறேன்" என்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தலைவர்மாருக்கும் இது பொருந்தும். எல்லாம் தெரிந்தவர்போல் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. "இந்தக் கடிதம் எனக்கும் விளங்கவில்லை, வாங்க சேர்ந்து போய்க் கேட்போம்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிற தலைவரைத்தான் ஆட்கள் நம்புவார்கள்.

கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டுவதற்கு முன்னால் என்ன செய்தார்? வெளியாட்களைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில், புடவை வியாபாரிபோல் உள்ளே போய் நம் ஆட்களின் நிலைமையைக் கண்ணால் பார்த்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டுப் பாடினார். 1931இல் தோட்டத் தொழிலாளர்களின் சம்மேளனம் உருவானது அதற்குப் பிறகுதான். முதலில் பக்கத்தில் போனார்கள், பிறகு சங்கம் வந்தது.

பக்கத்தில் இருக்க நமக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன செய்கிறோம்? ஒருவர் விறகு கொண்டுவருகிறார், ஒருவர் தேத்தண்ணி ஊற்றுகிறார், நாலு பேர் இராத்திரி முழுக்க இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதுவே அந்த வீட்டைத் தாங்குகிறது.

செத்த வீட்டுக்குக் கூப்பிடாமலே போகிறோம். உயிரோடு தவிக்கிறவர் வீட்டுக்கு மட்டும் ஏன் கூப்பிட்டால்தான் போகிறோம்?

சாதாரண தரத்தில் பெயில் ஆன பிள்ளை, புருஷன் குடித்துவிட்டு அடிக்கிற தங்கச்சி, மகள் வெளிநாடு போனபின் பேரப் பிள்ளைகளோடு தனியாக இருக்கிற ஆத்தா: இவர்களிடம் "கவலைப்படாதே", "எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். உட்காருங்கள். கேளுங்கள். இடையில் புத்தி சொல்லாதீர்கள். "நாளைக்கும் வருவேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். ஆஸ்பத்திரிக்கோ பொலிசுக்கோ போக வேண்டியிருந்தால் கூடப் போங்கள்.

யாராவது "இருந்து என்ன பிரயோசனம்" என்கிற மாதிரிப் பேசினால், அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆளைத் தனியே விடாதீர்கள். வீட்டில் மருந்து, பூச்சிமருந்து இருந்தால் எடுத்து அப்பால் வையுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் லயத்தில் கொஞ்ச நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். சந்தாப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போக வேண்டாம். வெறுங்கையோடு போய் ஒரு சாயத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.