தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே



துருக்கியின் தென்மேற்குக் கரையில் போட்ரும், மார்மாரிஸ், கோஜெக், ஃபெத்தியே என்று வரிசையாகப் படகுத் துறைகள் இருக்கின்றன. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரைக்கும் பாய்மர உல்லாசப் படகுகள் இந்தக் கரையை ஒட்டியே ஒவ்வொரு குடாவாகப் போய்த் தங்கும். பைன் மரங்கள் அடர்ந்த மலையும் அதன் காலடியில் நீலத் தண்ணீருமாக அந்தக் காட்சியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது அதற்கு முந்தைய வாரங்களைப் பற்றி. அப்போது அந்தப் படகுகளில் பல கரையில் இரும்புத் தாங்கிகளின் மேல் நிற்கும். பயணம் நல்லபடியாக அமைவதும் பாதியில் கெடுவதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

இந்தக் கடலின் ஒரு குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே ஓதம் மிகக் குறைவு. பிரிட்டன் கரையில் கடல் வற்றும் நேரம் பார்த்துப் படகைத் தரைதட்ட விடலாம்; தண்ணீர் திரும்பி வருவதற்குள் அதன் அடியைத் தேய்த்துச் சாயம் பூசிவிடலாம். துருக்கியில் ஓதத்தால் கடல் ஒரு முழம்கூட இறங்குவதில்லை. அதனால் அகலமான பட்டைகளில் படகைத் தூக்கி நகர்த்தும் பெரிய இயந்திரம் வேண்டும். அடிப்பாகத்தைக் கண்ணால் பார்க்க வருடத்தில் ஒரு வாய்ப்புதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பார்க்காமல் விட்டது அடுத்த முறை தூக்கும்வரை தண்ணீருக்குள்தான் இருக்கும்.

வெதுவெதுப்பான அந்தத் தண்ணீரில் பாசியும் கொட்டலசும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் வேகம் குறையும், டீசல் கூடுதலாகச் செலவாகும். இதைத் தடுக்கத்தான் செம்பு கலந்த சாயம் பூசுகிறார்கள். செம்பு மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைவதால் குஞ்சுக் கொட்டலசு அங்கே குடியேற முடியாது. பழைய சாயத்தை ஈரப்படுத்தித்தான் தேய்க்க வேண்டும். காய்ந்த தூசி நுரையீரலுக்கு விஷம். இந்தக் கரைக்குச் செம்பு புதிதல்ல. காஷ் ஊருக்கு அருகே, உலுபுருன் முனையில், சுமார் 3300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய ஒரு கப்பலை 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் கண்டார். அதில் ஏறத்தாழ 10 டன் செம்புக் கட்டிகள் இருந்தன. போட்ரும் போகிறவர்கள் அங்குள்ள கடலடித் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் அந்தக் கப்பலிலிருந்து எடுத்தவற்றைத் தவறாமல் பாருங்கள்.

சாயத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது உலோகம். வெண்கலப் புரொப்பெல்லரும் எஃகுத் தண்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து கிடந்தால் அவற்றுக்கிடையே மெல்லிய மின்சாரம் ஓடி, ஒன்று மற்றொன்றை அரிக்கும். அதனால் பக்கத்திலேயே ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்துகிறார்கள். அரிப்பையெல்லாம் அது வாங்கிக்கொண்டு தான் கரையும். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். புதுக் கட்டியின் மேல் சாயம் பட்டாலோ அது வேலை செய்யாது. இதே அரிப்பு படகின் அடியில் துளையிட்டுப் பொருத்தியிருக்கும் குழாய் அடைப்பான்களிலும் நடக்கும். அவை பித்தளையாக இருந்தால் அதிலுள்ள துத்தநாகம் மறைந்துபோய், பார்வைக்கு முழுசாக, உள்ளே பொருபொருவென்று இளஞ்சிவப்பாகச் செம்பு மட்டும் மிஞ்சும். சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் உதிரட்டும், இப்போது தரையில்தானே நிற்கிறீர்கள்! ஒவ்வொரு அடைப்பானுக்கும் பக்கத்தில் அந்தத் துளைக்குப் பொருந்தும் மரமுளை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

எஞ்சினுக்கு எண்ணெயும் வடிகட்டிகளும், கடல்நீர் இறைக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரமும் மாற்ற வேண்டும். இது எந்த மெக்கானிக்கும் செய்துவிடுகிற வேலை. சமையல் எரிவாயுக் குழாயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் ‘மெல்தெம்’ என்ற வடமேற்குக் காற்று வீசும். வானம் தெளிவாகவே இருக்கும். பிற்பகலில் காற்று ஓங்கிவிடும். போட்ருமுக்கும் டாட்சாவுக்கும் இடையே அதன் வேகம் கடுமை. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளை அதற்கு முன்பே பார்த்தாக வேண்டும். ஒரு பஞ்சுத் துண்டால் கம்பியை நெடுக வருடுங்கள். இழை அறுந்திருந்தால் பஞ்சு அதில் மாட்டிக்கொள்ளும். பத்து வருடம் உழைத்த கம்பியை வெளியே பளபளப்பாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது.

நங்கூரச் சங்கிலி முழுவதையும் வெளியே இழுத்துத் தரையில் நீட்டிப் போடுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு வண்ணம் பூசுங்கள். கோஜெக் பக்கம் மலைச்சரிவு அப்படியே கடலுக்குள் இறங்குவதால், கரைக்கு மிக அருகிலேயே ஆழம் இருபது மீட்டரைத் தொடும். நீளமாகச் சங்கிலி விட்டு, பின்பக்கத்திலிருந்து ஒரு கயிற்றைக் கரையில் கொண்டுபோய்க் கட்டுவதே அங்கே வழக்கம். மரத்தில் கட்டத் தடை உண்டு. அதற்கென்று கரையில் கட்டுதறிகள் நட்டிருக்கிறார்கள். ஐம்பது மீட்டருக்குக் குறையாத கயிறு கையில் இருக்கட்டும்.

ஓதம் குறைந்த கடல் என்று சொன்னேன். அதற்கு இன்னொரு விளைவும் உண்டு. மலைகள் சூழ்ந்த குடாவில் விழுந்த அழுக்கைத் தினமும் இருமுறை வந்து கழுவிச் செல்ல அங்கே எதுவும் இல்லை. ஒரு காலத்தில் இது பெரிய கவலையாக இல்லை. எழுத்தாளர் ஜெவாட் ஷாகிர் 1925இல் தண்டனையாகப் போட்ருமுக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் அவரும் நண்பர்களும் எளிய படகுகளில் இந்தக் கரையோரம் சுற்றிய ‘நீலப் பயணங்கள்’ புகழ்பெற்றன. அன்று படகுகள் சில. இன்று கோடையில் ஒரே குடாவில் அருகருகே நிற்கின்றன. ஃபெத்தியே–கோஜெக் பகுதி 1988 முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம். அது அமைந்திருக்கும் மூலா மாகாணத்தில், படகின் கழிவை எங்கே, எப்போது இறக்கினோம் என்று பதிவு செய்ய ‘மாவி கார்ட்’ என்ற நீல அட்டை முறை இருக்கிறது. கழிவுத் தொட்டியின் வால்வு குளிர்காலம் முழுக்க அசையாமல் கிடந்து இறுகியிருக்கும். குழாயின் உட்புறம் சுண்ணாம்புப் படிவால் சுருங்கியிருக்கும். இவற்றைச் சரிசெய்ய யாருக்கும் மனம் வராது. ஆனாலும் பாயைப் பளிச்சென்று வெளுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்பேன். தொட்டி ஒழுங்காக இல்லாத படகுக்கு அந்தக் குடாக்களில் நிற்க உரிமை இல்லை.

கடைசியாக ஒன்று. படகைத் தண்ணீரில் இறக்கியதும் பட்டைகளை உடனே கழற்ற விடாதீர்கள். படகு பட்டையில் தொங்கியபடியே இருக்கட்டும். நீங்கள் படகின் உள்ளே இறங்கி, ஒவ்வொரு அடைப்பானையும் புரொப்பெல்லர் தண்டு நுழையும் இடத்தையும் உலர்ந்த கையால் தொட்டுப் பாருங்கள். அவசரப்படுத்துவார்கள், அடுத்த படகு காத்திருக்கிறது என்பார்கள். அடைப்பானில் ஒரு சொட்டு கசிந்தாலும் திரும்பத் தூக்கச் சொல்லுங்கள். கூலி இரண்டு தடவை கொடுத்தாலும் பரவாயில்லை.