எட்டுக் கதிரைகளும் நான்காம் இலக்கமும்



கதிரை என்பது உட்காருவதற்கு. அதைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இங்கிலாந்தில் ஒரு சிறு பட்டினத்து ஏல மண்டபத்துக்குள் மழைக்கு ஒதுங்கும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஏலம் மறுநாள்தான். அன்று பொருள்களைப் பார்வையிடும் நாள். யாரும் போகலாம், தொட்டுப் பார்க்கலாம், கவிழ்த்தும் பார்க்கலாம். சுவரோரமாக எட்டுக் கதிரைகள் நின்றன. கறுப்பு வர்ணம், ஓரமெல்லாம் பொன் கோடுகள், சாய்மானத்தின் நடுவே ஒரு ரோசாப் பூங்கொத்து, பிரம்பு பின்னிய இருக்கை. கால்களோ உட்காரப் பயம் தரும் அளவுக்கு மெல்லியவை.

பட்டியலில் 'மூன்றாம் ஜோர்ஜ் காலம்' என்று போட்டிருந்தது. அதாவது 1760க்கும் 1820க்கும் இடையில் செய்யப்பட்டவை. 'மூன்றாம் ஜோர்ஜ் பாணி' என்றிருந்தால் கதை வேறு. பின்னாளில் யாரோ செய்த நகல் என்று பொருள். ஏலக்காரர்கள் சொற்களை எங்கள் பண்டிதர்களைவிடக் கவனமாக எண்ணிப் போடுகிறார்கள். அந்த வரியின் கடைசியில் இன்னும் மூன்று சொற்கள் இருந்தன: 'வர்ணம் பின்னாளில் பூசப்பட்டது.'

மூன்று சொல்தானே என்று விட முடியாது. இத்தகைய கதிரைகளில் வர்ணம்தான் எல்லாம். ஜோர்ஜ் ஹெப்பிள்வைற் என்ற தளபாடத் தச்சர் 1786இல் காலமானார். அவர் மனைவி அலிஸ் 1788இல் வெளியிட்ட அவருடைய மாதிரிப் புத்தகம், வர்ணம் தீட்டிய கதிரைகளை அண்மையில் வந்த நேர்த்தியான நாகரிகம் என்கிறது. மஹோகனியைவிட மெல்லிய சட்டத்தில் இவற்றைச் செய்யலாம் என்றும் சொல்கிறது. பெரும் செல்வர்களுக்குப் பொன்னிற மரங்கள் கிடைத்தன. முதலில் மேற்கிந்தியத் தீவுகளின் மரம். பிறகு இந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் முதிரையும் கப்பலேறியது. ஆம், எங்கள் வன்னிக் காட்டு முதிரையேதான். மற்றவர்களுக்கு பீச் மரம். மலிவானது, வண்டு துளைப்பது, பார்வைக்குச் சாதாரணமானது. அதை மறைக்க வந்ததே வர்ணம். சிலவேளை பீச் மரத்தில் கணுக் கடைந்து மூங்கிலாகவே தோன்றும்படி தீட்டிவிடுவார்கள். வேல்ஸ் இளவரசரின் பிறைற்றன் மாளிகையிலேயே அவ்வகைக் கதிரைகள் இருந்தன.

தீட்டியவர் யார்? அஞ்சலிக்கா கௌஃப்மன் என்று வியாபாரிகள் சொல்லுவார்கள். அவர் 1768இல் றோயல் அக்கடமியின் ஆரம்ப உறுப்பினர்களுள் ஒருவராயிருந்த ஓவியர். அழகான வர்ணத் தளபாடம் எதைக் கண்டாலும் அவர் பெயரைச் சேர்த்துவிடுவது பழைய வழக்கம். பெரும்பாலும் ஆதாரம் கிடையாது. பட்டறைத் தொழிலாளர் தீட்டினார்கள், கையெழுத்து வைக்கவில்லை. அவர்கள் வேலைக்கு இன்னொருவர் பெயரால் விலை பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மண்டபத்துப் பணியாள் ஒரு கதிரையைக் கவிழ்த்துக் காட்டினார். வண்டு துளைத்த துவாரங்களுக்குள் கறுப்பு வர்ணம் இறங்கியிருந்தது. துவாரம் முந்தியது, வர்ணம் பிந்தியது. அடிச்சட்டத்தில் உளியால் வெட்டிய உரோம இலக்கம். ஒன்று, இரண்டு, மூன்று, அடுத்தது ஐந்து. கடைசிக் கதிரையில் ஒன்பது.

"நான்கு எங்கே?" என்றேன்.

"என் வீட்டில்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. குடையை ஊன்றியபடி ஒரு மூதாட்டி. கதிரைகள் அவருடையவைதாம். அழுக்கேறிவிட்டதென்று அவருடைய பாட்டியார் எட்டையும் சுரண்டிப் புது வர்ணம் பூசுவித்தாராம். நான்காவது அப்போது கால் உடைந்து பரணில் கிடந்ததால் தப்பிவிட்டது.

"அது என்ன நிறம்?"

"சாம்பல் கலந்த பச்சை. ரோசா இல்லை, கோதுமைக் கதிர்கள். மேற்சட்டத்தில் கைபட்டுக் கைபட்டு ஓரிடத்தில் மரம் தெரிகிறது."

"பழைய வர்ணம் அது ஒன்றில்தானே இருக்கிறது. அதை ஏன் கொண்டுவரவில்லை?"

"உடைந்த கதிரையை யார் வாங்குவார்கள்?" என்றார். பிறகு, "கேட்டாலும் கொடுக்கமாட்டேன்" என்றார்.

மறுநாளும் போனேன். கதிரைகள் ஏலத்துக்கு வந்து, சுத்தியல் விழ இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாங்கியவர் வந்து ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து இலக்கங்களைப் பார்த்தார். மூன்றுக்கு அடுத்ததில் கொஞ்சம் நின்று, பணியாளரை ஏறிட்டுப் பார்த்தார். அந்த அம்மா அப்போது மண்டபத்தில் இல்லை.