ஜவ்வரிசியின் பிறப்பை அறியும் வழி

(பெரியபாளையத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஆடி மாதத்தில் இவ்வூர்ப் பவானியம்மன் சந்நிதிக்கு வருவோர் கூழும் பொங்கலும் படைக்கின்றனர். கேழ்வரகு இன்னது, அரிசி இன்னது என்று கண்ட மாத்திரத்தில் அறிவோம். கடையில் வாங்கும் வெண்மாவு எச்செடியில் பிறந்ததென்று அவ்வாறு அறிய இயலுமோ? இயலாது. அவ்வறியாமையால் விளையும் நஷ்டத்தையும், அதை நீக்கும் வழியையும் சிறிது எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் மலேயா முதலிய நாடுகளினின்று வந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, சேலத்தார் மரவள்ளிக் கிழங்கினின்று அதனைச் செய்யலாயினர். 1981இல் சாகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் அங்கே ஏற்பட்டது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. எனினும், மக்காச்சோள ஸ்டார்ச் அதில் கலக்கப்படுகிறதென்னும் முறையீடு பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. கலப்பு நேருமாயின் கிழங்கு பயிரிட்ட குடியானவனுக்கு விலை குன்றும்; தானியம் நீக்கி விரதம் காப்போர் அறியாமலே தானியம் உண்பர்.

பச்சை மாவாயின் நுண்பெருக்கிக் கண்ணாடியே பெரும்பாலும் போதும். மரவள்ளியின் மணி ஒருபுறம் வெட்டுண்ட உருண்டைபோலவும், மக்காச்சோளத்தின் மணி பல கோணங்களுடனும் தோன்றும். வெந்தும் வறுபட்டும் மணிகள் குலைந்தபின் வடிவம் ஏது? அயோடினோ இரண்டையும் ஒன்றுபோலவே நீலமாக்கும்.

இங்கேதான் புரதம் சாட்சி கூறுகின்றது. ஸ்டார்ச் எச்செடியிலும் குளுக்கோஸ் ஒன்றாலேயே ஆனது. ஆதலின் அது தன் பிறப்பை எளிதிற் சொல்லாது. ஆயினும் ஸ்டார்ச்சை ஆக்கும் புரதங்களுள் சில, சுவரெடுத்த கொத்தன் உள்ளேயே அடைபட்டாற்போல, மணிக்குள் சிக்கிக்கொள்கின்றன. எத்தனை கழுவினும் முற்றும் நீங்கா. அவற்றிலுள்ள அமினோ அமிலங்களின் வரிசை செடிக்குச் செடி வேறுபடும். டிரிப்ஸின் என்னும் நொதியால் அவற்றைத் துண்டாக்கி, துண்டுகளின் எடையை நுண்கருவியால் அளந்து, தெரிந்த செடிகளின் வரிசைகளோடு ஒப்பிட்டால் தாய்ச்செடி புலப்படும். வேகவைத்தலால் புரதத்தின் மடிப்புக் குலையுமேயன்றி, வரிசை பெரும்பாலும் நிலைத்திருக்கும். மரவள்ளி ஸ்டார்ச்சில் புரதம் மிகச் சொற்பமாதலால் கருவி நுட்பமாயிருத்தல் வேண்டும், செலவும் அதிகம்.

ஆதலின் ஒவ்வொரு மூட்டையையும் இவ்வாறு சோதிக்கவேண்டுமென்பது என் கருத்தன்று. ஐயம் எழுந்தவிடத்து அதைத் தீர்க்க வழியுண்டு என்பதை வாங்குவோரும் விற்போரும் அறிதல் வேண்டும். வெறும் ‘ஸ்டார்ச்’ என்று எழுதிய பண்டத்தைக் கண்டால், எதன் ஸ்டார்ச் என்று கேளுங்கள். நம்மவருள் வியாபாரஞ் செய்வோர் அதன் பெயரைத் தாமே பொறிக்க முன்வருவாராக. அதுவே உழுதவனுக்கும் உண்பவனுக்கும் செய்யும் நியாயமாகும்.